வானிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை: ஒரு வரலாற்றுப் பார்வை

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரை வடக்கே முட்டுக்காடு, கோவளம் தொடங்கித் திருவிடந்தை, வடநெம்மேலி, சாளுவன்குப்பம், மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாகத் தெற்கே பாலாற்று முகத்துவாரத்தையும் கடந்து நீள்கிறது. இக்கரையில் அண்மை ஆண்டுகளில் ஹெலிகாப்டர் சுற்றுலா அறிமுகமானது. கோவளத்திலிருந்து புறப்படும் ஹெலிகாப்டர் கடலோரமாகச் சில நிமிடங்கள் பறந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கும். ஹவாய், ரீயூனியன் போன்ற எரிமலைத் தீவுகளில் பல பத்தாண்டுகளாகப் புகழ்பெற்ற பொழுதுபோக்கின் தமிழகக் கடற்கரை வடிவம் இது.

ஹெலிகாப்டர் புதிது என்றாலும், இக்கரையை உயரத்திலிருந்து பார்க்கும் முயற்சி பழமையானது. கப்பல்களுக்கு வழிகாட்டவும், நிலத்தை அளக்கவும், வெள்ளத்தில் சிக்கியோரை மீட்கவும் இங்கு உயரம் தேவைப்பட்டது. காட்சி இன்பம் அந்தத் தேவைகளின் பின்னாலேயே வந்தது. உயரத்திலிருந்து பார்த்தவர்கள் கீழே கண்டது என்ன, அதைக் கண்டபின் செய்தது என்ன என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

பல்லவர் காலக் குன்றுகள்

மாமல்லபுரத்தில் பறத்தல் என்ற கற்பனை முதலில் கல்லில் பதிவானது. அருச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கும் காட்சி என்றும் இருவிதமாக விளக்கப்படும் பெரும் புடைப்புச் சிற்பத்தில் தேவர், கந்தர்வர், கின்னரர் முதலியோர் நடுவிலுள்ள பிளவை நோக்கி வான்வழியே விரைகின்றனர். கந்தர்வர்களுக்கு இறக்கைகள் இல்லை. பின்னோக்கி மடிந்த கால்களும் முன்சாய்ந்த உடலுமே அவர்கள் பறப்பதைக் காட்டிவிடுகின்றன. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் பறத்தலை உடலின் சாய்விலேயே உணர்த்திவிட்டனர்.

குன்றின் உச்சியில், மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே, ஒலக்கண்ணீசுவரர் கோயில் நிற்கிறது. இது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் காலத்தில் எழுந்த கட்டுமானக் கோயில். அதன் மேல்தளத்தில் நின்றால் கிழக்கே கடலும் மேற்கே உப்பங்கழியும் ஒரே பார்வையில் அடங்கும். அந்த உயரம் மாலுமிகளுக்கும் பயன்பட்டது. 1887ஆம் ஆண்டு இக்கோயிலின் மேல்தளத்திலேயே கலங்கரை விளக்கு ஏற்றப்பட்டது. பின்னர் அருகிலேயே கல்லால் ஆன வட்டக் கோபுரம் எழுப்பப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அதுவே கலங்கரை விளக்கமாகச் செயல்படுகிறது. பாதுகாப்புக் காரணங்களால் சில ஆண்டுகள் மூடப்பட்டிருந்த இக்கோபுரம் 2011இல் மீண்டும் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. கட்டணம் கொடுத்து உயரம் ஏறி இக்கரையைப் பார்க்கும் பழக்கத்துக்கு, ஹெலிகாப்டருக்கு முன்பே இடமளித்தது இந்தப் படிக்கட்டுத்தான்.

கடலிலிருந்து வந்தவர்களுக்கு இவ்வூர் வேறுவிதமாகத் தெரிந்தது. ஐரோப்பிய மாலுமிகள் இதனை ஏழு கோயில்களின் ஊர் என்று அழைத்தனர். 1770களில் இங்கு வந்த வில்லியம் சேம்பர்ஸ், கடலில் மூழ்கிய கோயில்களைப் பற்றி உள்ளூர் மக்கள் கூறிய கதைகளைத் தம் கட்டுரையில் பதிவு செய்தார். அது 1788இல் கல்கத்தாவில் வெளியானது. கரையில் ஒரு கோயில் மட்டுமே நிற்க, மற்றவை எங்கே என்ற கேள்வி அன்று முதல் ஆய்வாளர்களைத் தொடர்ந்தது.

வரைபடம்: பறக்காமலே பெற்ற வான்பார்வை

விமானம் வருவதற்கு முன் நிலத்தை மேலிருந்து காணும் ஒரே வழி வரைபடம். அக்கலையில் செங்கல்பட்டுச் சீமைக்குத் தனி இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இப்பகுதி சாகிராகக் கிடைத்தபின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இங்குள்ள ஊர்களை அளந்தார். ஊர்கள், ஏரிகள், நிலங்கள், குடிகள் பற்றிய விரிவான தகவல் அந்த அளவையில் திரட்டப்பட்டது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயமலைச் சிகரங்களின் உயரத்தையே கணித்துச் சொன்ன மாபெரும் முக்கோண அளவையின் தொடக்கம் அது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோட்டைச் சங்கிலியால் அளக்க மே மாதம் வரை பிடித்தது. பரங்கிமலை இன்று சென்னையோடு இணைந்துவிட்டாலும், அன்று செங்கல்பட்டுச் சீமையின் பகுதியாக இருந்தது. அளவைக்காரர்கள் குன்றுகளிலும் கோபுரங்களிலும் ஏறி ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளியை நோக்கினர்.

இந்த வரைபடங்களில் பளிச்செனத் தெரிவது ஏரிகள். செங்கல்பட்டுப் பகுதி ஏரிகள் நிறைந்த நாடு என்று பெயர் பெற்றது. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். இறுதியில் மிஞ்சுவது உப்பங்கழியையும் கடலையும் அடையும். தரையில் நிற்பவருக்குத் தம் ஊர் ஏரியும் அதன் கரையும் மட்டுமே தெரியும். சங்கிலி முழுவதையும் காண உயரம் வேண்டும், அல்லது வரைபடம் வேண்டும். 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் தீவிரமாக ஈடுபட்டார். மதுராந்தகம் ஏரி உடையாமல் இராமர் காத்தார் என்ற ‘ஏரி காத்த ராமர்’ வரலாறும் இவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

பல்லாவரத்தில் எழுந்த விமானம்

தமிழகத்தில் விமானம் பறந்த வரலாறும் இப்பகுதியிலேயே தொடங்குகிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டலும் மிட்டாய்க் கடையும் நடத்திய கியாகோமோ டி ஏஞ்சலிஸ், ஐரோப்பாவில் பறந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். சிம்ப்சன் நிறுவனம் அதனைக் கட்டிக் கொடுத்தது. பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தபின், 1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னிலையில் அது பறந்தது. இந்தியாவின் முதல் விமானப் பறப்பு இதுவே என்று சென்னை வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகின்றனர். ஆக, இங்கு பறத்தல் முதலில் மக்கள் கூடிப் பார்க்கும் வேடிக்கையாகவே அறிமுகமானது.

1932 அக்டோபரில் நிலை மாறியது. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே. ஆர். டி. டாட்டா ஓட்டி வந்த அஞ்சல் விமானத்தின் தொடர் பயணத்தை நெவில் வின்சென்ட் மேற்கொண்டு, பெல்லாரி வழியாகச் சென்னை வந்து சேர்ந்தார். விமானம் வேடிக்கை நிலையைக் கடந்து சேவையாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தாம்பரம் விமானத் தளமாக வளர்ந்தது. இன்று அங்கு இந்திய விமானப் படையின் நிலையம் உள்ளது.

பொதுமக்களுக்கு வான்பார்வை எளிதில் கிடைக்காமல் போனதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 13ஆவது விதி, பறக்கும் விமானத்திலிருந்து அனுமதியின்றி ஒளிப்படம் எடுப்பதைத் தடை செய்தது. கடற்கரை, துறைமுகம், படைத்தளம் ஆகியவற்றின் படங்கள் பகைவர் கையில் சிக்கக்கூடாது என்பதே நோக்கம். உயரத்திலிருந்து பார்க்கும் உரிமை நெடுங்காலம் அரசின் கையிலேயே இருந்தது.

எரிமலைத் தீவுகளும் ஹெலிகாப்டர் சுற்றுலாவும்

ஹெலிகாப்டருக்கு ஓடுபாதை தேவையில்லை. தலைக்கு மேல் சுழலும் விசிறிகள் அதனைச் செங்குத்தாக உயர்த்துகின்றன. விசிறித் தகடுகளின் சாய்வை மாற்றுவதன் மூலம் விமானி ஏறவும் இறங்கவும், முன்னும் பின்னும் நகரவும், ஓரிடத்தில் அசையாமல் நிற்கவும் முடியும். வாலில் உள்ள சிறு விசிறி உடற்பகுதி எதிர்த்திசையில் சுழலாமல் தடுக்கிறது. 1946இல் அமெரிக்காவின் பெல் 47 பொதுப் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டரானது. அதன்பின், சாலை செல்லாத இடங்களைக் காட்ட இதைவிடச் சிறந்த ஊர்தி இல்லை என்பதைச் சுற்றுலாத் துறை விரைவில் உணர்ந்தது.

எரிமலைத் தீவுகள் அதற்குப் பொருத்தமான களமாயின. ஹவாயின் கிலாவேயா எரிமலை 1983 முதல் 2018 வரை ஏறத்தாழ இடைவிடாமல் குழம்பைக் கக்கியது. அதனை அருகில் சென்று காண ஹெலிகாப்டரே வசதியான வழி. விபத்துகள் நேர்ந்தபோது, 1994இல் அமெரிக்க விமானத் துறை ஹவாய்ச் சுற்றுலாப் பறப்புகளுக்குச் சிறப்பு விதி வகுத்து, பொதுவாக 1,500 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது என்றது. தேசியப் பூங்காக்களின் மேல் நடக்கும் சுற்றுலாப் பறப்புகளை நெறிப்படுத்த 2000இல் தனிச்சட்டமும் வந்தது. பூங்காவின் அமைதியும் காக்கப்பட வேண்டிய வளம் என்ற கருத்து அதன் பின்னணியில் இருந்தது.

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான ரீயூனியன் தமிழர்க்கு நெருக்கமான எடுத்துக்காட்டு. 1848இல் அங்கு அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரவர் அனுப்பப்பட்டனர். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாடு பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலிருந்தும் ஆள் சேர்க்க வழிசெய்தது. கூலிகள் நடத்தப்பட்ட விதம் குறித்த முறையீடுகள் பெருகியதால் 1882இல் அது நிறுத்தப்பட்டது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவில் தீமிதித் திருவிழா நடத்துகின்றனர். அத்தீவின் பித்தோன் தெ லா பூர்னேசு உலகின் மிகச் செயல்திறன் வாய்ந்த எரிமலைகளுள் ஒன்று. தீவின் நடுவே உள்ள மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலை இல்லை. கால்நடையாகவோ ஹெலிகாப்டரிலோதான் செல்ல வேண்டும். அங்கு ஹெலிகாப்டர் பயணிகளுக்கு நீர்வீழ்ச்சியைக் காட்டுவதோடு, குடியிருப்போருக்கு வேண்டிய சரக்குகளையும் கொண்டு செல்கிறது.

மாமல்லபுரம் கடற்கரையின் நிலை வேறு. இங்கே எரிமலை இல்லை. பல்லவர் குடைந்த பாறை நிலத்தின் ஆழத்தில் உருவானது, எரிமலைத் தீவுகளைவிடப் பன்மடங்கு பழமையானது. பல்லாவரத்தில் கிடைக்கும் சார்னோக்கைட் பாறையின் வயது மட்டும் 200 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஊர்களை எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலை இணைக்கிறது. எனவே செல்ல முடியாத இடத்தைக் காட்டுவது இங்கு ஹெலிகாப்டரின் வேலை அன்று. செல்லக்கூடிய இடங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்தியிருக்கின்றன என்பதையே அதனால் காட்ட முடியும்.

பேரிடர்களில் வான்பார்வை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியது. வழக்கமாக நீருக்கடியில் கிடக்கும் பாறைகள் வெளியே தெரிந்ததாகப் பார்த்தவர்கள் கூறினர். அலை திரும்பியபின் மணல் அரிக்கப்பட்டுச் சிற்பம் செதுக்கிய பாறைகள் வெளிப்பட்டன. 2002இலேயே தேசியக் கடலியல் நிறுவனம் கடலடியில் ஆய்வு நடத்தியிருந்தது. 2005இல் இந்தியத் தொல்லியல் துறையும் கடற்படையும் இணைந்து ஒலியலைக் கருவிகளாலும் முக்குளிப்போராலும் மேலும் ஆராய்ந்தன. சாளுவன்குப்பத்தில் பேரலை வெளிக்காட்டிய கல்வெட்டொன்றைத் தொடர்ந்து அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய முருகன் கோயில் கிடைத்தது. நூற்றாண்டுகளாகக் காற்றும் கடலும் மூடி வைத்ததைச் சில நிமிட அலை திறந்தது. அதே அலை இக்கரையின் மீனவர் குப்பங்களில் உயிர்களையும் படகுகளையும் வலைகளையும் கொண்டு போனது.

பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 2015 டிசம்பர் 1ஆம் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. அடையாற்றங்கரையில் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டது. அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. தாம்பரம் தளத்திலிருந்து எழுந்த ஹெலிகாப்டர்கள் மொட்டை மாடிகளில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. நிறைமாதக் கர்ப்பிணி உள்ளிட்டோரைக் கயிற்றில் கட்டித் தூக்கிக் காப்பாற்றின.

அந்நாட்களின் வான்படங்கள் ஓர் உண்மையை எல்லோருக்கும் காட்டின. நீர் சூழ்ந்து நின்ற குடியிருப்புகள் பலவும் ஏரியின் உட்பகுதியிலோ, ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குச் செல்லும் கால்வாயிலோ, ஆற்றின் வெள்ளத் தாங்கலிலோ எழுந்தவை. பர்னார்டு அளந்து குறித்த நீர்ச் சங்கிலி, வீட்டு மனைகளுக்கு அடியில் மறைந்திருந்தது. மழை அதனை மீண்டும் வரைந்து காட்டியது.

விருந்தினர், திருவிழா, சுற்றுலா

2019 அக்டோபர் 11, 12 நாட்களில் பிரதமர் நரேந்திர மோதியும் சீன அதிபர் சி சின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். சென்னை வந்த பிரதமர் ஹெலிகாப்டரில் திருவிடந்தைக்கு வந்து, அங்கிருந்து கோவளம் சென்றார். சீன அதிபர் சாலை வழியாகவே வந்தார். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2022இல் சதுரங்க ஒலிம்பியாடும் பன்னாட்டுக் காற்றாடித் திருவிழாவும் மாமல்லபுரத்தில் நடந்தன. 2025 சனவரியில் திருவிடந்தையில் வெப்பக்காற்று பலூன் திருவிழா நடந்தது. ஹெலிகாப்டர் சுற்றுலா இந்த வரிசையில் சேர்கிறது.

இக்கரையில் சுற்றுலாப் பறப்புகளுக்கு வான்வெளி குறுகலானது. வடக்கே சென்னை விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்பகுதி உள்ளது. வடமேற்கே தாம்பரம் விமானப்படைத் தளம் உள்ளது. தெற்கே 1984 முதல் வணிக அளவில் மின் உற்பத்தி செய்யும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றிப் பறக்கத் தடை உண்டு. எரிமலைத் தீவுகளில் ஒரு மணி நேரம் நீளும் பயணம் இங்கே சில நிமிடங்களில் முடிந்துவிடுவது இயல்பே.

அந்தச் சில நிமிடங்களிலும் காணத்தக்கவை நிறைய உண்டு. கிழக்கே வங்கக்கடல், அதனை ஒட்டி மணல்மேடு, அதன்மேல் மீனவர் குப்பம், சாலை, அதற்கு மேற்கே உப்பங்கழி என நிலம் பட்டை பட்டையாக அடுக்கப்பட்டுள்ளது. உப்பங்கழியின் ஊடே செல்வது பக்கிங்காம் கால்வாய். 1877–78 தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் மரக்காணம் வரை இதில் சென்றன.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் உள்ளன. 2013இல் திறக்கப்பட்ட முதல் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் திறக்கப்பட்ட இரண்டாவது ஆலையின் திறன் 15 கோடி லிட்டர். ஏரிகளுக்குப் பெயர்பெற்ற ஒரு நிலத்தின் விளிம்பில், பெருநகரின் தாகத்துக்குக் கடல்நீரை வடிகட்ட நேர்ந்திருக்கிறது. நீரைத் தேக்கிய மரபும், அது நலிந்ததன் விளைவும் இங்கே ஒரே நோக்கில் தெரிகின்றன.

ஓசை என்னும் சிக்கல்

மேலே இருப்பவர் காதுக்கவசம் அணிந்திருப்பார். ஓசை முழுவதும் கீழே இருப்பவர்களுக்கு உரியது. கோவளம், கேளம்பாக்கம் உப்பங்கழிகளும் உப்பளங்களும் வலசை வரும் நீர்ப்பறவைகள் இரை தேடும் இடங்கள். தாழப் பறக்கும் ஹெலிகாப்டரின் ஓசையும் நிழலும் பறவைக் கூட்டத்தை ஒட்டுமொத்தமாக எழுப்பக்கூடியவை. நெடுந்தொலைவு பறந்து வந்த பறவை, இரை தேட வேண்டிய நேரத்தில் அஞ்சிப் பறப்பதில் ஆற்றலை இழக்கிறது. சுற்றுலாப் பருவமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே பறவைகளின் பருவமும் ஆகும்.

அமைதியைக் காப்பது எப்படி என்பதற்கு இம்மாவட்டமே பழைய சான்று தருகிறது. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்து வந்தனர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடுவதற்கு எதிராக அவர்கள் முறையிட்டபோது, 1798இல் ஆட்சியர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்றுக் கவுல் வழங்கினார். தீபாவளிக்கும் வெடி வெடிக்காத வழக்கம் அப்பகுதியில் இன்றும் பேசப்படுகிறது. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. ஹவாயில் 1994இல் சட்டமாக வந்த கட்டுப்பாட்டின் சாரத்தை, அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்குள்ள உழவர்கள் ஊர்க்கட்டுப்பாடாகக் கடைப்பிடித்தனர்.

மதிப்பீடு

மாமல்லபுரம் கடற்கரையில் உயரத்திலிருந்து பார்த்தவர் ஒவ்வொருவரும் ஒரு தேவையோடு பார்த்தனர். விளக்கேற்றியவர் கப்பலைத் தேடினார், அளவைக்காரர் வரிக்குரிய நிலத்தைத் தேடினார், மீட்புப் படையினர் மொட்டை மாடியில் நின்றவர்களைத் தேடினர். சுற்றுலாப் பயணி காட்சியைத் தேடுகிறார். அது குறை அன்று. ஏரியும் கழியும் கால்வாயும் கடலும் ஒரே நீரமைப்பு என்பதைச் சில நிமிடங்களில் கண்ணால் கண்டுவிடுவது, பாடநூலில் பல பக்கங்கள் படிப்பதற்கு ஈடாகும்.

பறக்கும் உயரம், வழி, நேரம், பருவம் ஆகியவற்றைக் கீழே வாழும் பறவைகளையும் மீனவரையும் கருத்தில் கொண்டு வரையறுத்தால் அந்தப் பயன் நிலைக்கும். வரையறுக்காவிட்டால், கழியின் அழகைக் காண ஏறியவர் காதுகளுக்கு எட்டாத ஓசையில், கீழே கழி வெறிச்சோடிப் போகும்.